டுபாக்கூர் கையெழுத்து, டுபாக்கூர் கத்தி: பழைய சினிமா சாமான் வாங்குறதுக்கு முன்னாடி எப்படிப் பாக்கணும்

போன மாசம் கொருக்குப்பேட்டை தம்பி ஒருத்தன் ராத்திரி 11 மணிக்கு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பிச்சான். எம்.கே.தியாகராஜ பாகவதர் சிரிச்சுட்டு இருக்காரு, கீழ மெல்லிசு முனை மார்க்கர்ல கறுப்பா ஒரு கையெழுத்து, பக்கத்துல "பிராட்வே, தீபாவளி 1946"ன்னு தேதி வேற. விலை 18,000. "அண்ணே, பாதி துட்டு அட்வான்ஸ் கேக்குறாங்க, ஜிபே பண்ணிடவா?"ன்னு கேட்டிருந்தான். உடனே போன் பண்ணி, பண்ணாதடா, காலைல நேர்ல வா பேசிக்கலாம்னு சொன்னேன்.

விக்கிறவன் விவரமானவன் தான். பாகவதர் நடிச்ச ஹரிதாஸ் படம் 1944 தீபாவளிக்கு வந்து நம்ம பிராட்வே தியேட்டர்ல 3 தீபாவளி பாத்துச்சுன்னு வடசென்னைல எல்லா வீட்டுலயும் பெருசுங்க சொல்லி கேட்டிருப்போம், அந்தப் பெருமையத் தான் அவன் விலைக்கு வச்சிருக்கான். ஆனா படம் ஓடிட்டு இருந்தப்போ பாகவதர் எங்க இருந்தாரு? லட்சுமிகாந்தன் கொலை வழக்குல 1944 டிசம்பர்ல கைதானாரு, 1947 ஏப்ரல்ல தான் விடுதலை ஆனாரு. 1946 தீபாவளிக்கு அவரு ஜெயில்ல இருந்தாரு, பிராட்வேல நின்னு கையெழுத்து போட வழியே இல்ல. சரி தேதிய வேற யாரோ பின்னாடி எழுதிட்டாங்கன்னே வச்சுப்போம், பேனா? அந்த மாதிரி மெல்லிசு முனை மார்க்கரெல்லாம் 1960கள்ல தான் வந்துச்சு, ஷார்ப்பியே 1964. பாகவதர் தவறினது 1959 நவம்பர் 1. அவரு கைல அந்தப் பேனா இருந்திருக்கவே முடியாது.

இதக் கண்டுபிடிக்க எந்த நிபுணரும் வேணாம், தேதி தெரிஞ்சா போதும். அதனால தான் 20 வருஷமா நான் பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டத மொத்தமா எழுதிடறேன், யாராவது ஒருத்தர் துட்டு மிஞ்சினா கூட சந்தோஷம்.

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோங்க, நம்ம ஏரியால உண்மையான சரக்கு நிறைய இருக்கு. மினர்வா, கிரௌன், பிரபாத், பாரத், மகாராணி, அகஸ்தியான்னு தியேட்டர் சூழ வாழ்ந்த ஜனம் நம்மளுது. தெருவுக்கு தெரு ரசிகர் மன்றம் இருந்துச்சு, போஸ்டர் ஒட்டுனவங்க, ஆபரேட்டரா இருந்தவங்க, கவுண்டர்ல டிக்கெட் கிழிச்சவங்க எல்லாம் இங்க தான் குடி இருந்தாங்க, அவங்க வீட்டு பரண்ல இன்னிக்கும் டிரங்கு பொட்டிக்குள்ள பாட்டுப் புத்தகம், ஸ்டில்லு, மன்ற ரசீது எல்லாம் கிடக்கு. 1985ல மூர் மார்க்கெட் எரிஞ்சப்போ எவ்ளோ போச்சுன்னு யாருக்கும் கணக்கு இல்ல, அதுக்கப்புறம் அல்லிக்குளம் பக்கம் போன கடைங்கள்ல இன்னிக்கும் பொறுமையா தேடுனா நல்லது கிடைக்கும். அந்த நல்லதுக்கு நடுவுல தான் டுபாக்கூரையும் கலந்து வைக்கிறாங்க, அதுவும் இப்போ ஆன்லைன் குரூப்ல உக்காந்த இடத்துல விக்கிறதால சரக்க கைல தொட்டுப் பாக்காமலே துட்டு போயிடுது.

கைல என்ன வேணும்னா, நகைக்கடைக்காரங்க ஒரு கண்ணுல வச்சு பாப்பாங்களே அந்த 10 மடங்கு லூப் ஒண்ணு, சௌகார்பேட்டைல தட்டாருங்களுக்கு சாமான் விக்கிற கடைல கேட்டா குடுப்பாங்க. ரூபா நோட்டு செக் பண்ற யூவி டார்ச் ஒண்ணு, ரிச்சி ஸ்ட்ரீட்ல கிடைக்கும். இது ரெண்டும் உங்க போனும் போதும். கூடவே ஒரு நோட்டு போட்டு நடிகர், கவிஞர், இசையமைப்பாளர்னு நீங்க தேடுறவங்களோட பிறந்த தேதி, இறந்த தேதி, பெரிய சம்பவம் எல்லாம் எழுதி வச்சுக்கோங்க. இறந்த தேதி மட்டும் சொல்றேன், என்.எஸ்.கிருஷ்ணன் 1957 ஆகஸ்ட் 30, கண்ணதாசன் 1981 அக்டோபர் 17, சாவித்திரி 1981 டிசம்பர் 26, எம்.ஜி.ஆர் 1987 டிசம்பர் 24, சிவாஜி 2001 ஜூலை 21. இந்த நோட்டு தான் என்னை அதிகமா காப்பாத்தியிருக்கு, லூப் கூட அதுக்கு அப்புறம் தான்.

ஏன்னா பேனாவுக்கும் பிறந்த நாள் இருக்கு. பால் பாயிண்ட் பேனா உலகத்துல கடைக்கு வந்ததே 1940கள் நடுவுல தான், நம்ம ஊர்ல சாதாரண ஜனம் கைக்கு வர இன்னும் வருஷம் ஆச்சு. ஜெல் பேனா 1984ல தான் ஜப்பான்ல வந்துச்சு. அப்போ கண்ணதாசன் பேரு போட்டு பளபளன்னு ஜெல் இங்க்ல ஒரு கையெழுத்து வந்தா அத மேல ஆராயவே தேவையில்ல, வச்சுட்டு வந்துடுங்க. எம்.ஜி.ஆருக்கு 1984 அக்டோபர்ல பக்கவாதம் வந்துச்சு, அமெரிக்கா வரைக்கும் கொண்டு போனாங்க, அதுக்கப்புறம் 1986னு தேதி போட்ட கையெழுத்து 1960ல போட்ட மாதிரியே துள்ளிக்கிட்டு ஓடினா சந்தேகப்படுங்க. ஒரு மனுஷன் கையெழுத்து வயசோட, உடம்போட, அவசரத்தோட மாறும், போலி போடுறவன் எப்பவும் ஒரே ஒரு நல்ல மாதிரிய வச்சுக்கிட்டு அதையே எல்லா வருஷத்துக்கும் போட்டுட்டு இருப்பான்.

அடுத்து எழுத்து. இது நம்ம தமிழுக்கே உள்ள சோதனை, வெளியூர்க்காரனுக்கு தெரியாது, எனக்கு ரொம்பப் பிடிச்சதும் இது தான். 1978ல எம்.ஜி.ஆர் ஆட்சில எழுத்துச் சீர்திருத்தம் வந்துச்சு இல்லையா, அதுக்கு முன்னாடி லை, ளை, னை, ணை எல்லாம் யானைத் தும்பிக்கை மாதிரி மேல ஒரு சுழி போட்டு எழுதுவாங்க, ணா, றா, னா எல்லாம் காலு தனியா நிக்காம எழுத்தோடயே வளைஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கும். மொத்தம் 13 எழுத்து மாறுச்சு. இப்போ ஒரு பழைய பாட்டுப் புத்தகத்த எடுங்க, "விலை அணா 2"ன்னு ஒரு வரி இருந்தா அந்த ஒரு வரிலயே 2 சோதனை இருக்கு, "லை"யும் "ணா"வும். "சென்னை"ன்னு அச்சகத்து விலாசம் இருந்தா அதுல "னை". கம்ப்யூட்டர்ல இன்னிக்கு இருக்குற ஃபான்ட்டுல டைப் பண்ணி அடிச்சா புது எழுத்து தான் வரும், போலி அடிக்கிற பையனுக்கு பழைய எழுத்து இருந்ததே தெரியாது, அவங்க வாத்தியாரே புது எழுத்துல படிச்சவரா இருப்பாரு. 1952 படத்து பாட்டுப் புத்தகம்னு சொல்லி உள்ள "விலை" இப்போ நம்ம எழுதுற மாதிரி இருந்தா அது நேத்து அடிச்சது. இதுல ஒரு விலக்கு இருக்கு, பெரியார் 1935லயே தன்னோட குடி அரசு பத்திரிகைல புது எழுத்த பயன்படுத்த ஆரம்பிச்சுட்டாரு, அதனால இயக்கத்துக்காரங்க அச்சடிச்சது, அந்த வழில வந்தவங்க கைப்பட எழுதுனது பழசா இருந்தும் புது எழுத்துல இருக்கலாம். அதே மாதிரி 1978க்கு அப்புறமும் பழைய அச்சு வச்சிருந்த பிரஸ்ஸெல்லாம் ஒரே நாள்ல மாத்திடல, அதனால பழைய எழுத்து இருக்குறதால மட்டும் சாமான் பழசுன்னு முடிவு பண்ணாதீங்க. புது எழுத்து இருந்தா சந்தேகப்படுங்கன்னு தான் சொல்றேன்.

கையெழுத்துக்கு மேல "அன்பு நினைவாக"ன்னு ஏதாவது எழுதியிருந்தா அதையும் இப்படிப் பாக்கலாம், 1940ல 50ல பள்ளிக்கூடம் போனவரு அந்த "னை"ய பெரும்பாலும் தும்பிக்கை போட்டுத் தான் எழுதியிருப்பாரு.

விலையும் அப்படித்தான். 1957 ஏப்ரல் 1ல இருந்து தான் ரூபாய்க்கு 100 நயா பைசான்னு வந்துச்சு, அதுக்கு முன்னாடி அணா. 1964 ஜூன்ல "நயா" போயி வெறும் பைசா ஆச்சு. 1954 புத்தகத்துல "25 காசு"ன்னு இருந்தா தப்பு. விலாசத்துல 6 இலக்க பின்கோடு இருந்தா அது 1972 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் அடிச்சது, அதுக்கு முன்னாடி வண்ணாரப்பேட்டைக்கு "சென்னை-21" தான். இங்கிலீஷ் லெட்டர்பேடுல 1996க்கு முன்னாடி "சென்னை"ன்னு இங்கிலீஷ்ல இருந்தா யோசிங்க, அப்போ மெட்ராஸ். ஆனா தமிழ்ல நம்ம ஜனம் எப்பவும் சென்னைன்னும் எழுதுனாங்க, அத வச்சு ஒரு நல்ல சாமான போலின்னு ஒதுக்கிடாதீங்க, ஒரு பெரிய வியாபாரியே என் கண்ணு முன்னாடி இந்தத் தப்ப பண்ணாரு.

பேப்பருக்கு வருவோம். ரூம இருட்டாக்கிட்டு யூவி டார்ச் அடிங்க. 1950க்கு அப்புறம் தான் பேப்பர வெள்ளையா காட்ட ஒரு ரசாயனம் கலக்க ஆரம்பிச்சாங்க, அது யூவில நீலமா பளிச்சுன்னு மின்னும். 1944 போஸ்டர்னு சொல்றாங்க, டார்ச் அடிச்சா டியூப்லைட் மாதிரி எரியுது, அப்போ அது மறு அச்சு. மின்னலன்னா ஒரிஜினல்னு அர்த்தம் இல்ல, நியூஸ்பிரிண்ட்ல அடிச்சா புதுசும் மின்னாது, அத ஞாபகம் வச்சுக்கோங்க.

பழுப்பு நிறத்துக்கு மயங்காதீங்க. டீ டிகாஷன்ல முக்கி மொட்டை மாடில காய வச்சா ஒரே நாள்ல 60 வருஷப் பழுப்பு வந்துடும். ஆனா டீ போட்டது எல்லா இடமும் ஒரே மாதிரி பழுப்பா இருக்கும், நிஜமா பழசானது ஓரத்துல கருத்து உள்ள போகப் போக வெளுத்து இருக்கும், ஏன்னா காத்தும் வெளிச்சமும் ஓரத்துல தான் முதல்ல படும். புத்தகம்னா நடுப்பக்கத்த விரிச்சுப் பாருங்க, உள்பக்கமும் அட்டை அளவுக்கே பழுப்பா இருந்தா சந்தேகம் தான். ராமபாணப் பூச்சி தின்ன ஓட்டை இருந்தா அது பக்கத்துக்கு பக்கம் தொடர்ந்து போகணும், ஒரு பக்கத்துல மட்டும் ஊதுபத்தியால சுட்ட மாதிரி இருந்தா அது ஊதுபத்தியே தான். அப்புறம் பின்னு துரு. மத்த ஊர்ல துருப்பிடிச்ச பின்ன பாத்து பழசுன்னு நம்புவாங்க, காசிமேட்டுலயும் ராயபுரத்துலயும் உப்புக் காத்துக்கு புது ஸ்டேப்ளர் பின்னே ஒரு மழைக்காலத்துல துருப்பிடிச்சுடும், நமக்கு அது ஒரு ஆதாரமே இல்ல. துரு பேப்பர்குள்ள ஊறி, பின்னச் சுத்தி செம்மண் கலர்ல படர்ந்து, அடுத்த பக்கத்துலயும் அந்தக் கறை இறங்கியிருக்கான்னு பாருங்க, அதுக்குத் தான் வருஷக்கணக்கு ஆகும்.

அந்தக் காலத்து பாட்டுப் புத்தகமெல்லாம் ஈய எழுத்து கோத்து அடிச்சது. பக்கத்தத் திருப்பி பின்னாடி விரல வச்சு மெதுவா தடவுங்க, எழுத்து அழுந்துன மேடு விரலுக்குத் தெரியும். ஜெராக்ஸ், லேசர் பிரிண்ட் எல்லாம் வழவழன்னு தட்டையா இருக்கும். லூப்ல பாத்தா லேசர் பிரிண்ட்டோட எழுத்து ஓரத்துல தூள் சிதறின மாதிரி புள்ளி தெரியும், இங்க்ஜெட் கலர் மணல் தூவின மாதிரி இருக்கும், ஆஃப்செட் போஸ்டர்ல புள்ளிங்க பூ மாதிரி வட்டம் வட்டமா ஒழுங்கா நிக்கும். பழைய லித்தோ போஸ்டர கையால வரைஞ்சு அடிச்சிருப்பாங்க, அதுல இந்த ஒழுங்கான புள்ளி இருக்காது. பழைய போஸ்டர போட்டோ எடுத்து திரும்ப அடிச்சா, மடிப்புக் கோடு கூட படத்தோட சேந்து அச்சாகி வந்துடும், கண்ணுக்கு மடிப்பு தெரியும் ஆனா விரலுக்கு தெரியாது. இத ஒருக்கா பாத்துட்டீங்கன்னா அப்புறம் ஏமாற மாட்டீங்க.

ஸ்டில்லு போட்டோன்னா பின்பக்கம் பாருங்க. 1970க்கு முன்னாடி கறுப்பு வெள்ளை போட்டோவெல்லாம் நிஜப் பேப்பர் மேல தான் கழுவினாங்க, பிளாஸ்டிக் பூசின தாள் 70கள்ல தான் பரவலாச்சு. பழைய போட்டோவ லேசா சாய்ச்சுப் பாத்தா இருட்டான ஓரத்துல நீலமா வெள்ளி பூத்த மாதிரி ஒரு பளபளப்பு இருக்கும், அது வெள்ளி மேல வந்து படியறது, போலிக்கு அத பண்றது ரொம்ப கஷ்டம். பின்னாடி ஸ்டூடியோ முத்திரையோ பென்சில்ல எழுதின நம்பரோ இருந்தா இன்னும் நல்லது.

இப்போ கையெழுத்து. முதல்ல அது பேனாவால போட்டதா அச்சா. லூப் வச்சுப் பாருங்க, கோடு புள்ளி புள்ளியா பிரிஞ்சா அச்சு. 60கள்ல 70கள்ல ரசிகர் லெட்டர் போட்டா நட்சத்திரத்தோட ஆபீஸ்ல இருந்து கையெழுத்து அச்சடிச்ச போட்டோ வரும், சில நேரம் ஆபீஸ்ல இருக்குறவங்களே போட்டு அனுப்புவாங்க. அது பொய் இல்ல, அன்பா வந்தது தான், ஒருத்தர் வீட்டுல பிரேம் போட்டு வச்சிருந்தா அது அவங்களுக்கு பொக்கிஷம். ஆனா அத "நேர்ல போட்டது"ன்னு சொல்லி ஆயிரக்கணக்குல விக்கிறது தப்பு.

பேனா தான்னு தெரிஞ்சா அடுத்தது வேகம். நம்ம பேர நாம யோசிச்சா எழுதுறோம், கை தானா ஓடும், ஆரம்பத்துலயும் முடிவுலயும் கோடு மெலிஞ்சு காத்துல போகும். பாத்து எழுதுறவன் மெதுவா எழுதுவான், கோடு முழுக்க ஒரே தடிமன்ல இருக்கும், நடுநடுவுல லேசா நடுங்கும், பேனாவத் தூக்கி திரும்ப வச்ச இடம் தெரியும், முடிவு மொட்டையா நிக்கும். தலைகீழா திருப்பி வச்சுப் பாருங்க, அப்போ மூளை அத பேரா படிக்காது, வெறும் கோடா பாக்கும், நடுக்கம் பளிச்சுன்னு தெரியும். ஒரு விஷயம் நிறைய பேரு தப்பா புரிஞ்சுக்கிறாங்க, தெரிஞ்ச கையெழுத்தோட அச்சு அசலா பொருந்தினா ஒரிஜினல்னு சந்தோஷப்படறாங்க, கிடையவே கிடையாது, 2 கையெழுத்து மேல மேல வச்சா அப்படியே பொருந்துதுன்னா ஒண்ணு கீழ வெளிச்சம் வச்சு வரைஞ்சது. எந்த மனுஷனும் 2 தடவ ஒரே மாதிரி போட மாட்டான்.

அப்புறம் இங்க் எங்க ஓடியிருக்குன்னு பாருங்க. பேப்பர்ல ஒரு மடிப்பு இருக்கு, கையெழுத்து அது மேல போகுது. கையெழுத்து முதல்ல, மடிப்பு அப்புறம்னா, மடிப்பு உடைஞ்ச இடத்துல இங்க்கும் சேந்து உதிர்ந்து வெள்ளையா தெரியும். மடிப்பு முதல்ல, கையெழுத்து அப்புறம்னா, இங்க் அந்த விரிசல்குள்ள இறங்கி கிளை விட்டிருக்கும். 1962ல போட்டதுன்னு சொல்ற கையெழுத்து 50 வருஷ மடிப்புக்குள்ள ஊறியிருந்தா மிச்சத்த நான் சொல்லத் தேவையில்ல.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும், மனசு கேக்கல. காசிமேட்டுல ஒரு பெரியவரு இருந்தாரு, அந்தக் காலத்துல மன்றச் செயலாளர். எம்.ஜி.ஆர் கைப்பட பேரு எழுதி கையெழுத்து போட்ட போட்டோ ஒண்ணு வச்சிருந்தாரு. அவரு தவறினதுக்கு அப்புறம் மகளுக்கு ஆஸ்பத்திரி செலவுக்கு துட்டு தேவைப்பட்டு 3 பேருகிட்ட காட்டியிருக்காங்க. 3 பேரும் "இதெல்லாம் இப்போ டுபாக்கூர் தான்மா வருது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க. கடைசில பிரேமுக்காக ஒருத்தர் 200 ரூபா குடுத்து வாங்கிட்டுப் போயிருக்காரு. எனக்குத் தெரிஞ்சு நான் போறப்போ சாமான் இல்ல, அவங்க போன்ல எடுத்து வச்சிருந்த படம் மட்டும் இருந்துச்சு. பெரியவரு பேரு, மன்றத்து நம்பர், மை தேங்கி நின்ன இடம், அந்த நாள் தும்பிக்கை "னை", எல்லாம் இருந்துச்சு. எனக்கு அழுகையே வந்துடுச்சு. போலி சரக்கு வாங்குறவன மட்டும் கெடுக்கல, உண்மைய வச்சிருக்குற ஏழை வீட்டையும் கெடுக்குது. அதனால கத்துக்கறப்போ போலிய ஒதுக்க மட்டும் கத்துக்காதீங்க, நிஜத்தப் பாத்தா நிஜம்னு சொல்லவும் கத்துக்கோங்க. பேரு எழுதி கையெழுத்து போட்டது விலை கொஞ்சம் கம்மியா போகும்னு வியாபாரிங்க சொல்வாங்க, என்னைக் கேட்டா அது தான் பாதுகாப்பு, அந்தப் பேருக்காரரு யாருன்னு விசாரிக்க முடியும்.

கத்தி, கிரீடம், டிரஸ்ஸு பக்கம் வருவோம். படத்துல வந்த சாமான்னா கேமராவுக்காக செஞ்சது, அது ஞாபகத்துல இருக்கட்டும். நிஜ செட் ப்ராப்பர்ட்டி கத்தி தூக்குனா லேசா இருக்கும், சண்டை போடறதுக்கு அலுமினியம், மரம், பின்னால வந்த படங்கள்ல ஃபைபர். கேமராவுக்குத் தெரியாத பக்கம் பெயிண்ட் கூட சரியா இருக்காது, கிரீடத்தத் திருப்பிப் பாத்தா உள்பக்கம் அட்டை, கம்பி, துணி ஒட்டு எல்லாம் அவசரமா இருக்கும். நல்லா கனமா, ரெண்டு பக்கமும் பளபளன்னு பித்தளைல வேலைப்பாடோட ஒரு ராஜா கத்தி குடுத்து "அந்தப் படத்துல ஹீரோ பிடிச்சது"ன்னா, அது பெரும்பாலும் மொராதாபாத் பக்கம் வரவேற்பறை சுவத்துல மாட்ட செய்யற கத்தி. இன்னொண்ணு, அன்னிக்கு ஸ்டூடியோவுல ஒரே கிரீடத்த பல படத்துக்கு மாத்தி மாத்தி போட்டாங்க, ஒரே படத்துக்கு ஒரே கத்தி மாதிரி பல கத்தி செஞ்சாங்க, அதனால "இந்த ஒண்ணு தான்"ன்னு அடிச்சுச் சொல்றவன நம்பாதீங்க.

நிஜமா அந்த சாமான் தானான்னு பாக்க உலகம் முழுக்க ஒரே வழி தான், படத்த நல்ல பிரிண்ட்ல நிறுத்தி நிறுத்தி கைல இருக்குறதோட கீறல், பெயிண்ட் வழிஞ்ச இடம், கல்லு விழுந்த குழி எல்லாம் பொருத்திப் பாக்கணும், ஸ்க்ரீன் மேட்ச்னு சொல்வாங்க. தி விசர்ட் ஆஃப் ஆஸ் படத்துல டோரதி போட்ட சிவப்பு ஷூ கதை தெரியுமா, 2005ல அமெரிக்கால மின்னசோட்டா மாநிலத்து மியூசியம் ஒண்ணுல இருந்து திருடு போச்சு, 2018ல எஃப்பிஐ மீட்டுச்சு, நிஜமா அதே தானான்னு பாக்க ஸ்மித்சோனியன் மியூசியத்துல இருக்குற ஜோடியோட பக்கத்துல வச்சுப் பாத்தாங்க. பாத்தா, 2 ஜோடியும் கலந்து போயிருந்துச்சு, இதுல ஒண்ணு அதுல ஒண்ணு சேந்தா தான் சரியான ஜோடி. அவ்ளோ கூர்மையா பாத்ததால தான் நிஜம்னு உறுதியாச்சு, 2024 டிசம்பர்ல அது ஏலத்துல கமிஷனோட சேத்து 3 கோடியே 25 லட்சம் டாலருக்குப் போச்சு. நாமளும் அந்தக் கண்ணோட தான் பாக்கணும், சாமான் 2,000 ரூபாயா இருந்தா கூட.

கறுப்பு வெள்ளைப் படத்து டிரஸ்ஸுன்னா கலர நம்பாதீங்க, "அதே சிவப்பு கோட்டு"ன்னு சொல்றவன் அந்தச் சிவப்ப எங்க பாத்தான்? தமிழ்ல முதல் முழு நீளக் கலர் படமே 1956ல தான் வந்துச்சு, அலிபாபாவும் 40 திருடர்களும். அதனால ஜரிகை ஓடுற வழி, சமிக்கி தைச்ச இடைவெளி, பட்டன் எண்ணிக்கை இதத் தான் பொருத்தணும். காலர்ல மேக்கப் கறை, அக்குள்ல வேர்வைக் கறை, உள்ள டெய்லர் தைச்ச துணிச் சீட்டு, அவசரத்துக்குப் பிடிச்ச தையல், இதெல்லாம் நல்ல அடையாளம். யூவி டார்ச்ச துணிக்கு அடிச்சு மின்னுதுன்னு தூக்கி எறிஞ்சுடாதீங்க, வாஷிங் பவுடர்லயும் அதே ரசாயனம் இருக்கு, பழைய துணிய ஒருக்கா துவைச்சாலே மின்னும்.

அடுத்தது விக்கிறவன் சொல்ற கதை. அகஸ்தியா தியேட்டர் 2020ல மூடினதுல இருந்து "அகஸ்தியால இருந்து எடுத்தது"ன்னு வர்ற சாமானுக்கு அளவே இல்ல. அந்த தியேட்டர் தொறந்தது 1967, அதுக்கு முன்னாடி வந்த படத்தோட முதல் ரிலீஸ் சாமான்ல அந்தப் பேரு இருந்தா கதை இடிக்குதுல்ல? படம் ரிலீஸ் ஆன அன்னிக்கு பேப்பர் விளம்பரத்துல எந்தெந்த தியேட்டர்னு போட்டிருப்பாங்க, எழும்பூர் கன்னிமாரா லைப்ரரில பழைய பேப்பர் கேட்டுப் பாருங்க, ஒரு மத்தியானம் செலவு பண்ணா போதும். பாட்டுப் புத்தகம்னா தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல ஏராளமா பாதுகாத்து வச்சிருக்காங்க, ஒரிஜினல பக்கத்துல வச்சுப் பாத்த கண்ணுக்கு போலி ஒட்டாது. "எங்க மாமா ஆர்ட் டிபார்ட்மெண்ட்ல இருந்தாரு"ன்னு சொன்னா மரியாதையாவே கேளுங்க, அவரு யூனியன் கார்டு இருக்கா, எந்த ஆர்ட் டைரக்டர்கிட்ட வேலை பாத்தாரு, எந்த வருஷம். நிஜமா இருந்தவங்க வீட்டுல கார்டு இருக்கும், இல்லன்னா ஷூட்டிங் போட்டோவாவது இருக்கும், அவங்க கேக்காமலே 2 மணி நேரம் பேசுவாங்க. பொய் சொல்றவன் கோவப்படுவான், இல்லன்னா "இன்னொரு பார்ட்டி வந்துட்டு இருக்காரு"ம்பான்.

சர்ட்டிபிகேட் குடுத்தா அதுல கையெழுத்து போட்டவரு யாரு, எத வச்சு சொல்றாருன்னு பாருங்க, ஹாலோகிராம் ஸ்டிக்கர் எங்க வேணா அடிச்சுத் தருவாங்க. அமெரிக்கால 1990கள்ல எஃப்பிஐ ஆபரேஷன் புல்பென்னு ஒண்ணு நடத்தி போலி கையெழுத்துக் கும்பல பிடிச்சாங்க, அதுல அன்னை தெரசா கையெழுத்து போட்ட பேஸ்பால் கூட இருந்துச்சு, அந்தக் கும்பல் சரக்கோடயும் சர்ட்டிபிகேட் சேந்தே தான் போச்சு.

வாங்குறப்போ, ஆன்லைன்னா முதல்ல படத்த கூகுள் லென்ஸ்ல போட்டுப் பாருங்க, அதே படம் வேற ஊர்க்காரன் பேருல வந்தா விட்டுடுங்க. டார்ச்ச சாய்வா அடிச்சு பக்கவாட்டுல எடுத்த வீடியோ கேளுங்க, பின்பக்கம் கேளுங்க. முழுத் துட்டும் முன்னாடி குடுக்காதீங்க. பில்லுல "நடிகர் கைப்பட போட்ட ஒரிஜினல் கையெழுத்து, இல்லையென்றால் முழுப் பணம் திருப்பித் தரப்படும்"னு எழுதி வாங்குங்க, "பழைய போட்டோ 1"ன்னு பில் போட்டா அதுக்கு அர்த்தம் வேற. ஏமாந்துட்டா வெக்கப்பட்டு கம்முனு இருக்காதீங்க. ஆன்லைன்ல துட்டு போனா உடனே 1930க்கு போன் பண்ணுங்க, சீக்கிரம் சொன்னா தான் நிறுத்த வழி இருக்கு. கடைக்காரரோ தொழிலா விக்கிறவரோன்னா நுகர்வோர் உதவி எண் 1915, அதுலயும் ஆகலன்னா நீங்க குடியிருக்குற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே 2 வருஷத்துக்குள்ள கேஸ் போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. போலின்னு தெரிஞ்சே வித்தா அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318வது பிரிவு. சாட், ஸ்க்ரீன்ஷாட், பார்சல் கவர் எதையும் அழிக்காதீங்க.

உங்க வீட்டுலயே இருக்குற சாமானுக்கு ஒண்ணு பண்ணுங்க, இது வாங்குறத விட முக்கியம். லேமினேஷன் பண்ணாதீங்க, செல்லோடேப் ஒட்டாதீங்க, உப்புக் காத்து படுற வெளிச்சுவர்ல மாட்டாதீங்க. அத வச்சிருந்த பெரியவங்க உயிரோட இருக்குறப்போவே உக்கார வச்சு, எங்க வாங்குனீங்க, யாரு குடுத்தா, கூட யாரு இருந்தான்னு போன்ல வீடியோ எடுங்க, சாமான அவங்க கைல பிடிச்ச மாதிரி ஒரு போட்டோவும் எடுங்க. அப்புறம் தனியா ஒரு சீட்டுல எழுதி அதோடயே வைங்க, சாமான் மேல எழுதாதீங்க.

எங்க வீட்டுல ஹரிதாஸ் பாட்டுப் புத்தகம் ஒண்ணு இருக்கு, அட்டை போயிடுச்சு, விக்கிறதுக்கு இல்ல. நைனா போறதுக்கு 2 வருஷம் முன்னாடி அவரையே எழுத வச்சேன், கை நடுங்கி நடுங்கி பென்சில்ல எழுதுனாரு, தும்பிக்கை போட்டுத் தான் எழுதுனாரு: "இது என் தகப்பனார் ஹார்பர் வேலை முடிந்து பிராட்வேயில் வாங்கி வந்தது. அம்மாவும் கூட போயிருந்தார்கள். அப்போது நான் பிறக்கவில்லை. அட்டையை கிழித்தது என் தங்கை." கீழ தேதி போட்டு கையெழுத்து போட்டிருக்காரு, அந்தச் சீட்டு புத்தகத்துக்குள்ள 9ஆம் பக்கத்துல இருக்கு.